தாழ்மை என்று நாம் பெயர் வைத்த பயம்

இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் சபையின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தது. ஆராதனை முடிந்து, டீயும் சமோசாவும் முடிந்து (புனேயில் தமிழ்ச் சபையிலும் சமோசாதான், உளுந்த வடைக்கு ஆள் கிடைப்பதில்லை) நூறு பேர் போல உட்கார்ந்திருந்தோம். செயலர் அறிக்கை வாசித்தார். பொருளாளர் வரவு செலவு வாசித்தார். கட்டட நிதி என்று வந்தபோது ஒரே வரி. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மீதி இவ்வளவு. என்ன செலவு என்று இல்லை. அந்தக் கட்டடத்துக்கு இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை என்பது அங்கே இருந்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பின் வரிசையிலிருந்து ஒரு அக்கா எழுந்தார். காட்கி பக்கம் குடியிருப்பவர். கணவர் தொழிற்சாலையில் வேலை பார்த்து இறந்துபோனார். இவர் இரண்டு வீடுகளில் சமையல் செய்கிறார். கட்டட நிதிக்கு ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே கொடுத்தவர்.

"ஐயா, வேலையே இன்னும் ஆரம்பிக்கலையே. செலவு எதுக்குன்னு கொஞ்சம் வாசிச்சீங்கன்னா நல்லா இருக்கும்."

அவ்வளவுதான் கேட்டார். குரல்கூட உயரவில்லை. அதற்கு மேடையிலிருந்து வந்த பதில்: "சிஸ்டர், ஆண்டவர் காரியத்துல கணக்கு கேக்கறது பெருமையோட ஆவி. நமக்கு வேண்டியது தாழ்மை. எல்லாரும் ஜெபிப்போம்."

எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். நானும் குனிந்தேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நாசரேத் பக்கத்துக்காரன். நாக்பூர், கொல்கத்தா, இப்போது புனே. ஒரு வவுச்சரில் கையெழுத்து விட்டுப்போயிருந்தால் கிளையில் யாரையும் வீட்டுக்கு விடாதவன். அந்த நூறு பேரில், அந்த ஒற்றை வரி சரியில்லை என்று பார்த்தவுடன் தெரிந்த ஆட்களில் நானும் ஒருவன். ஆனால் கேட்டது சமையல்கார அக்கா. கண்ணை மூடியது வங்கி அதிகாரி.

வீட்டுக்குப் போகும் வழியில் என் மனைவி கேட்டாள். "ஏங்க, பேங்க்ல இப்படி ஒரு ஸ்டேட்மென்ட் வந்தா கையெழுத்துப் போடுவீங்களா?"

"சபையில போய் எதுக்கு... நாமதான் கொஞ்சம் தாழ்ந்து போகணும்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. எனக்கு இருந்தது தாழ்மை இல்லை, பயம். அந்தப் பயத்துக்கு ஒரு நல்ல வேதாகமச் சட்டையைப் போட்டுவிட்டேன். இந்தச் சட்டை என்னிடம் மட்டும் இல்லை. நம்மில் பலர் ஞாயிற்றுக்கிழமைதோறும் போட்டுக்கொண்டு போவது இதைத்தான்.

நம்மிடம் தைரியத்துக்குக் குறைவே இல்லை. சாத்தானைக் கட்டுகிறோம், துரத்துகிறோம், காலின் கீழ் நசுக்குகிறோம். மைக் கிடைத்தால் அவன் பாடு திண்டாட்டம். ஆனால் சாத்தானை அந்த அதட்டு அதட்டுகிறவர், கமிட்டி செயலரிடம் ஒரு ரசீது கேட்கச் சொன்னால் "நமக்கு எதுக்கு பிரதர்" என்கிறார். கண்ணுக்குத் தெரியாத எதிரியிடம் வீரம், கண்ணுக்குத் தெரிகிற மனிதரிடம் தாழ்மை. வசதியான ஏற்பாடுதான்.

தாழ்மைக்கும் குறைவில்லை. கன்வென்ஷன் போஸ்டரில் ஆள் உயரப் படம், அதன் கீழே "எளிய ஊழியன்". பேச எழுந்தால் முதல் வாக்கியம் "எனக்குத் தகுதியில்லை". அடுத்த முக்கால் மணி நேரம் தன் தகுதிகள். அதே சபையில் ஆண்டுவிழா மலரின் நன்றிப் பட்டியலில் ஒருவர் பெயர் விட்டுப்போகட்டும், பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நம் பெயர் விட்டுப்போனால் தைரியம் வருகிறது. அடுத்தவருக்கு அநியாயம் நடந்தால் தாழ்மை வருகிறது. நான் ஞாயிறு பள்ளியில் படித்தது நேர் எதிர்.

எண்ணாகமம் 12ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பூமியிலேயே மிகவும் சாந்தமான மனிதன் என்று மோசேக்குப் பெயர் கிடைப்பது அங்கேதான். எந்தச் சூழ்நிலையில்? சொந்த அக்காவும் அண்ணனும் அவரைக் குறைத்துப் பேசியபோது. தன்னைத் தற்காத்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மிரியாமுக்குத் தண்டனை வந்தபோது அவளுக்காகக் கெஞ்சினார். இதே மனிதர்தான் அடிமைகளுக்காகப் பார்வோனின் அரண்மனைக்குத் திரும்பத் திரும்பப் போய் நின்றவர். யாத்திராகமம் 32இல், ஜனங்களை அழிக்க வேண்டாம் என்று கடவுளிடமே வழக்காடியவரும் இவரே. தன் மரியாதை என்றால் மௌனம், அடுத்தவர் உயிர் என்றால் பேச்சு. சாந்தகுணம் என்று வேதம் பெயர் வைத்தது இந்த மனிதருக்கு.

"ஒரு கன்னத்தில் அறைந்தால்..." என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. தெரியும். அதைப் போதித்தவரே பிரதான ஆசாரியன் முன்னால் அறை வாங்கியபோது என்ன செய்தார் என்று யோவான் 18இல் இருக்கிறது. திருப்பி அடிக்கவில்லை. ஆனால் நான் பேசியதில் தப்பு எது, தப்பில்லையென்றால் ஏன் அடித்தாய் என்று கேட்டார். அதே ராத்திரிதான் சீஷர்களின் காலைக் கழுவியிருந்தார். கால் கழுவிய தாழ்மையும் கேள்வி கேட்ட தைரியமும் ஒரே ஆளிடம், ஒரு நாள்கூட இடைவெளி இல்லாமல்.

கணக்கு கேட்பது பெருமையின் ஆவி என்றார்களே, அதற்கும் பதில் உண்டு. 2 கொரிந்தியர் 8. எருசலேமின் ஏழைகளுக்குப் பவுல் காணிக்கை சேர்க்கிறார். அந்தப் பணத்தைத் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனைக் கூட அனுப்ப ஏற்பாடு செய்கிறார். காரணத்தையும் சொல்கிறார். இவ்வளவு பெரிய தொகையில் தங்களை ஒருவரும் குறை சொல்லக்கூடாதாம். கடவுளுக்கு முன்னால் மட்டுமல்ல, மனுஷருக்கு முன்னாலும் ஒழுங்காக இருக்க வேண்டுமாம். அப்போஸ்தலன் பவுலே "என்னைச் சந்தேகப்படுகிறீர்களா?" என்று கேட்கவில்லை. நம் கமிட்டிக்காரர்கள் கேட்கிறார்கள்.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். வங்கியில் ஒரு பரிவர்த்தனையைப் பதிவு செய்பவர் ஒருவர், அதைச் சரிபார்த்து அனுமதிப்பவர் இன்னொருவர். மேனேஜரே பதிவு செய்தாலும் தானே அனுமதிக்க முடியாது. முக்கியமான இடங்களில் வேலை செய்பவர்களை வருடத்துக்கு ஒரு முறை, முன்கூட்டிச் சொல்லாமல், குறைந்தது 10 வேலை நாட்கள் தொடர்ந்து விடுப்பில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த நாட்களில் இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்காருவார். ஏதாவது ஒளிந்திருந்தால் அப்போது வெளியே வரும். இதில் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. மனிதன் தவறக்கூடியவன் என்று ஒப்புக்கொள்கிறோம், அவ்வளவுதான். நான் தவறக்கூடியவன் என்று ஒப்புக்கொள்வதற்குப் பெயர்தானே தாழ்மை? அப்படியானால் கணக்கைத் திறந்து காட்டுவதுதான் தாழ்மை. மூடி வைப்பது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் வாய் திறக்கவில்லை?

வெளியூரில் இருக்கிறவர்களுக்குக் காரணம் தெரியும். ஊரில் ஒரு சபையில் மனஸ்தாபம் வந்தால் அடுத்த தெருவில் இன்னொரு சபை இருக்கும், சித்தப்பா வீடு இருக்கும், பள்ளிக்கூட சிநேகிதன் இருப்பான். இங்கே தமிழில் ஜெபிக்க இருப்பது இந்த ஒரு இடம். பிள்ளைகள் தமிழ் எழுத்தைப் பார்ப்பதே பாட்டுப் புத்தகத்தில்தான். மனைவிக்குப் பேச்சுத் துணை இந்தப் பாடகர் குழு. நாளைக்கு மகளுக்கு ஒரு சம்பந்தம் பேச, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடிவர, கடைசியில் பெட்டியைத் தூக்க நாலு பேர் இவர்கள்தான். இதை இழக்க யாருக்குத் துணிவு வரும்? அந்தப் பயத்தை நான் கேவலமாகப் பேச மாட்டேன். என்னிடமும் அது இருக்கிறது. ஆனால் அதைப் பயம் என்றே சொல்வோம். தாழ்மை என்று சொல்ல வேண்டாம். பயத்துக்கு மருந்து உண்டு. புண்ணியம் என்று பெயர் வைத்துவிட்டால் யார் மருந்து தேடப் போகிறார்கள்?

இந்த ஊரிலேயே இதற்கு ஒரு ஆள் இருந்தார். புனேயிலிருந்து சோலாப்பூர் ரயில் பாதையில் சுமார் 60 கிலோமீட்டர் போனால் கேட்காவ். அங்கே முக்தி மிஷன் என்று ஒன்று இன்றும் இருக்கிறது. பண்டித ராமாபாய் தொடங்கியது. புனேயில் பத்து வருடம் இருந்தும் அந்தப் பக்கம் போகாத தமிழ்க் கிறிஸ்தவர்கள் உண்டு. ஒருமுறை குடும்பத்தோடு போய் வாருங்கள்.

1858இல் பிறந்தவர். அப்பா வேத பண்டிதர். பெண்ணுக்குச் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்ததற்காக ஊராரின் பகையைச் சம்பாதித்தவர். புராணம் வாசித்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்த அந்தக் குடும்பத்தில் அப்பா, அம்மா, அக்கா மூவரும் 1870களில் பஞ்சத்தில் அடுத்தடுத்து இறந்தார்கள். மிஞ்சியது ராமாபாயும் அண்ணனும். 1878இல் கல்கத்தாவில் அவருடைய சமஸ்கிருதப் புலமையைப் பார்த்துப் பண்டிதர்களே 'பண்டிதா', 'சரஸ்வதி' என்று பட்டம் கொடுத்தார்கள். ஒரு வங்காளியைச் சாதி மாறிக் கல்யாணம் செய்தார். இரண்டு வருடத்துக்குள் அவரும் போய்விட, கையில் ஒரு பெண் குழந்தை. 1883இல் இங்கிலாந்து போய் அங்கே ஞானஸ்நானம் பெற்றார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நம் கதைக்கு வேண்டியது. அடைக்கலம் கொடுத்த கன்னியாஸ்திரி ஜெரால்டின் அம்மையாரும் அவருடைய திருச்சபையும் சொன்னதையெல்லாம் ராமாபாய் அப்படியே ஏற்கவில்லை. ஒவ்வொரு கோட்பாட்டையும் கேள்வி கேட்டார். லத்தீன் வாசகம் பொறித்த சிலுவையை அணியச் சொன்னால், எங்கள் சமஸ்கிருதத்தை விட லத்தீனில் என்ன அதிகம், எங்கள் ஜனங்களுக்கு இரண்டுமே புரியாது என்றார். ஆண்களுக்கு அவர் பாடம் எடுப்பது இந்தியாவில் நன்றாக இருக்காது என்று பிஷப்மார் ஆட்சேபித்தபோது, ஏன் கூடாது என்று கேட்டார். ஒரு புரோகிதக் கூட்டத்தின் நுகத்தை இப்போதுதான் கழற்றியிருக்கிறேன், அதே போல இன்னொன்றில் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று எழுதினார்.

பதிலுக்கு அவர்மேல் வைத்த குற்றச்சாட்டு என்ன தெரியுமா? பெருமை. பிடிவாதம். தாழ்மை போதாது. எங்கள் மேடையிலிருந்து சமையல்கார அக்காவுக்குக் கிடைத்த அதே பதில். சுமார் 140 வருடம் ஆகியும் வசனம்கூட மாறவில்லை.

இவ்வளவு வாக்குவாதத்துக்கு நடுவிலும் ஜெரால்டின் அம்மையாரை அவர் கடிதங்களில் அழைத்தது 'ஆஜிபாய்' என்று. மராத்தியில் பாட்டி. புனேக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேள்வியைக் குறைக்கவும் இல்லை, உறவை அறுக்கவும் இல்லை.

இந்தியா திரும்பி 1889இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதன் தொடங்கினார். அடுத்த வருடம் அது புனேக்கு வந்தது. 1893இல் மதமாற்றச் சர்ச்சையில் பெரிய மனிதர்கள் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள், பல பெண்களை வீட்டார் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் பள்ளியை மூடவில்லை. 1897இல் புனேயில் பிளேக். பிளேக் மருத்துவமனையில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து அவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதம் லண்டன் பாராளுமன்றம் வரை கேள்வியாகப் போனது. ஆட்சி செய்தவர்கள் கிறிஸ்தவர்கள், இவரும் கிறிஸ்தவர். 'நம்ம ஆட்கள்' என்று வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை, ஏனென்றால் விஷயம் அடுத்த வீட்டுப் பெண்களுடையது.

பஞ்ச காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களையும் சிறுமிகளையும் கேட்காவுக்குக் கூட்டிவந்தார். அவ்வளவு பெரிய பண்டிதை, கடைசி வருடங்களில் செய்தது என்ன? எபிரேயமும் கிரேக்கமும் படித்து, சாதாரணப் பெண்களுக்குப் புரிகிற எளிய மராத்தியில் பைபிளைத் தானே மொழிபெயர்த்தார். 1922இல் அவர் இறந்த பிறகு, 1924இல்தான் அது வெளிவந்தது. 1907இல் எழுதிய சாட்சியில், ஞானஸ்நானம் பெற்று எத்தனையோ வருடம் தனக்குக் கிறிஸ்தவ மதம் கிடைத்தது, கிறிஸ்து கிடைக்கவில்லை என்று தன்னைப் பற்றியே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். பிஷப்புக்கு வளையாதவர் தன் தவறைச் சொல்ல வெட்கப்படவில்லை. தாழ்மைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நானும் மேடைக்காரர்களைப் போலத்தான். தைரியம் என்ற பெயரில் சபைகளை உடைத்தவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். நம்மூர்த் திருமண்டலத் தேர்தல் வழக்குகள் கோர்ட்டில் வருடக்கணக்கில் கிடப்பதையும் பார்க்கிறோம். நியாயம் கேட்கிறேன் என்று எழுந்து, அடுத்த தேர்தலில் தானே செயலராகி, அதே ஒற்றை வரிக் கணக்கை வாசித்தவர்கள் உண்டு. ஆகவே எழுந்திருக்கும் முன் என்னை நானே கேட்டுக்கொண்ட கேள்விகள் மூன்று. இதில் எனக்கு ஏதாவது கிடைக்குமா? கணக்கு சரியாகவே இருந்தால், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்பேனா? அந்தச் செயலரின் வீட்டில் ஒரு துக்கம் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பேனா? மூன்றாவதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பொய் சொல்வானேன்.

அதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மனைவியோடு அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன்.

அவர் டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மேடையில சொன்னதுக்கு எனக்குக் கோவம் இல்ல தம்பி. அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. எனக்குக் கணக்கு தெரியாது, தெரியாமத்தான் கேட்டேன். தெரிஞ்ச நீங்கள்லாம் தலையக் குனிஞ்சீங்களே... அதான் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல."

அப்போஸ்தலர் 4இல், படிப்பில்லாத பேதுருவும் யோவானும் ஆலோசனைச் சங்கத்தின் முன் தைரியமாகப் பேசியதைப் பார்த்துப் படித்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள் என்று இருக்கிறது. எனக்கு அன்றைக்கு ஆச்சரியம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

நாலு குடும்பங்கள் சேர்ந்து கமிட்டிக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். கட்டட நிதியின் ரசீதுகளைச் சபையார் பார்க்க ஒரு நாள் குறியுங்கள், வேண்டுமானால் நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன், என் புரிதல் தவறென்றால் திருத்திக்கொள்கிறேன் என்று. முதல் கையெழுத்து அந்த அக்காவுடையது. பதில் இன்னும் வரவில்லை. "பேங்க் ஆபீசர்ங்கிற திமிர்" என்று ஒருவர் சொன்னதாகக் காதில் விழுந்தது. வேதபாடம் வாசிக்கிற பட்டியலில் இந்த மாதம் என் பெயர் இல்லை. என் மனைவியிடம் பாடகர் குழுவில் இரண்டு பேர் பேசுவதில்லை. ராத்திரியில் சில சமயம், எதற்கு இந்த வேலை என்று தோன்றத்தான் செய்கிறது.

அடுத்த மாதம் அரையாண்டுக் கூட்டம். இந்த முறை அந்த அக்கா எழுந்தால் கூடவே நானும் எழுவேன். குரல் நடுங்கும், தெரியும். நடுங்கினாலும் பரவாயில்லை.

உங்கள் ஊரிலும் ஒரு பின் வரிசை இருக்கும். அங்கே ஒருவர் எழுந்து ஏதாவது கேட்பார். அப்போது "ஜெபிப்போம்" என்று மேடையிலிருந்து குரல் வந்தால், தலையைக் குனிவதற்கு முன்னால் ஒரு நிமிடம் அவரைத் திரும்பிப் பாருங்கள்.